அக்கொலேட் எல்ம் வாடுகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்போம்

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம். சிகாகோவுக்கு மேற்கே நாங்கள் இருக்கும் தெருவில், வீட்டு முன் நட்டிருந்த அக்கொலேட் என்ற எல்ம் மரத்தின் ஒரே ஒரு கிளை மஞ்சளித்துத் தொங்கியது. மற்றதெல்லாம் பச்சைப்பசேலென்று நின்றது. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். சின்ன வயதில் தன் தெருவில் டச்சு எல்ம் நோய் என்ற பூஞ்சை நோய் வந்து வரிசையாக எல்ம் மரங்களை வெட்டிச் சாய்த்ததை நேரில் கண்டவர் அவர். "இது அதேதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. நோய் தாங்கும் ரகம் என்று சொல்லித்தானே விற்றார்கள்!

காலையில் ஏணி போட்டு ஏறினேன். கிளை புறப்படும் இடத்தில் பட்டைக்குள் பாதி புதைந்து ஒரு கம்பி. நர்சரியில் பெயர்ச் சீட்டைக் கட்டிவிட்ட கம்பிதான். கிளை பருக்கப் பருக்க அது இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. சீட்டு இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் 'நோய் எதிர்ப்பு உள்ளது' என்று அச்சடித்திருந்தார்கள்.

அதற்கப்புறம் தெரிந்தவர்கள் வீட்டு எல்ம்களைப் போய்ப் பார்க்கும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. "அண்ணா, எங்க மரம் செத்துட்டு இருக்கு" என்று போன் வரும். இதுவரை போய்ப் பார்த்ததில் ஒன்றுகூட டச்சு எல்ம் நோய் இல்லை. பாதிக்குமேல் நட்ட விதத்தில் கோளாறு, மிச்சம் பூச்சி, உப்பு, தண்ணீர். அதனால் கீழே எழுதியிருப்பதில் நோய்க்குக் கொடுத்த இடத்தைவிட மற்றவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், இது எந்த மரம்?

'அக்கொலேட்' என்பது வணிகப் பெயர். ரகத்தின் பெயர் 'மார்ட்டன்'. சிகாகோவை ஒட்டிய லைல் என்ற ஊரில் மார்ட்டன் ஆர்போரேட்டம் என்ற மரத் தோட்டம் இருக்கிறது. 1924ல் பாஸ்டனில் உள்ள ஆர்னால்ட் ஆர்போரேட்டத்திலிருந்து வந்த விதைகளில் முளைத்த ஒரு மரம்தான் மூலத் தாய். ஜப்பானிய எல்மும் சீனத்து வில்சன் எல்மும் தானாகக் கலந்து உண்டான கலப்பு. சுற்றிலும் அமெரிக்க எல்ம்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது இது மட்டும் அசையாமல் நின்றதைக் கவனித்து, இதை வைத்து வேலை செய்தவர் அங்கிருந்த ஜார்ஜ் வேர். ஆமாம், மர ஆராய்ச்சியாளரின் பெயரே வேர். தமிழில் எழுதும்போதுதான் இந்தச் சந்தோஷம் கிடைக்கிறது.

சீட்டைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே ஆர்போரேட்டம் வெளியிட்ட வேறு எல்ம்களும் 'மார்ட்டன்' என்றே தொடங்கும். மார்ட்டன் கிளாஸி என்றால் டிரையம்ப். மார்ட்டன் ஸ்டால்வார்ட் என்றால் கமெண்டேஷன். மார்ட்டன் பிளெயின்ஸ்மேன் என்றால் வேன்கார்டு. மார்ட்டன் ரெட் டிப் என்றால் டனாடா சார்ம். கடைசியாகச் சொன்னதில் புதுத்துளிர் சிவப்பாகத்தான் வரும். ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நோய் என்று மருந்தே வாங்கிவிட்டார். வேன்கார்டில் சைபீரிய எல்மின் ரத்தம் இருப்பதால் இலை தின்னும் பூச்சிகள் அதை இன்னும் ருசியாகத் தின்னும். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றதற்குச் சரிவராமல் போகலாம்.

சீட்டைப் படித்தாயிற்றா? கம்பியோடு கழற்றிக் குப்பையில் போடுங்கள். பெயரை வீட்டுக்குள் எங்காவது குறித்து வைத்தால் போதும்.

ஒரு கிளை மட்டும் வாடுகிறது

எல்லாரும் பயப்படும் அறிகுறி இது. பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. டச்சு எல்ம் நோய் இப்படித்தான் தொடங்கும். மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் மேல்பக்கம் ஒரு கிளையில் இலைகள் துவளும், மஞ்சளாகும், பிறகு பழுப்பாகி அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை மரத்தில் யாரோ கொடி கட்டியதுபோல் தெரியும்.

நோயைக் கொண்டுவருவது பட்டை வண்டு. செத்த எல்ம் கட்டையின் பட்டைக்குள் பிறந்த வண்டு, உடம்பில் பூஞ்சை வித்துகளோடு வெளியே வந்து, உயிருள்ள எல்மின் இளங்கிளைக் கவட்டைக் கடிக்கும். பூஞ்சை அந்தக் காயம் வழியாக நீர்க்குழாய்களுக்குள் போகும். மரம் அதைத் தடுக்கத் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ளும். எளிதில் நோய் தொற்றும் அமெரிக்க எல்ம் அடைப்பதற்குள் பூஞ்சை முன்னே ஓடிவிடும். மரம் பின்னாலேயே அடைத்துக்கொண்டு போய், கடைசியில் தனக்கே தண்ணீர் இல்லாமல் காயும். அக்கொலேட் போன்ற ஆசிய எல்ம்கள் பூஞ்சையைச் சீக்கிரமே ஒரு சின்ன இடத்துக்குள் மடக்கிவிடுகின்றன. 'எதிர்ப்பு' என்று சீட்டில் போடுவதற்கு அர்த்தம் இவ்வளவுதான். வண்டு கடிக்காது என்றோ, ஒரு கிளைகூட வாடாது என்றோ யாரும் சொல்லவில்லை.

இந்த நோயை டச்சு நோய் என்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 1921ல் காரணமான பூஞ்சையைக் கண்டுபிடித்தது நெதர்லாந்தில், பீ ஷ்வார்ட்ஸ் என்ற இளம் பெண் ஆராய்ச்சியாளர். நோயைக் கண்டுபிடித்த நாட்டின் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது, பாவம். அமெரிக்காவில் 1930ல் ஒஹையோவில் தலைகாட்டியது. ஐரோப்பாவிலிருந்து பலகைக்காக வந்த கட்டைகளில் ஏறி வந்தது.

சரி, நம் மரத்துக்கு வருவோம். வாடிய கிளையைக் கண்டால் இந்த வரிசையில் பாருங்கள்.

கிளையைப் பின்தொடர்ந்து அடிவரை கண்ணால் போங்கள். கம்பி, கயிறு, நைலான் பட்டி எதுவும் நெரிக்கிறதா? கிளை முறிந்து பட்டையில் மட்டும் தொங்குகிறதா? ஒரு பக்கம் பட்டை உரிந்திருக்கிறதா? இதில் எதையாவது கண்டால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. அதற்குக் கீழே வெட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

ஒன்றும் இல்லையென்றால் கத்தி எடுங்கள். வாடுகிற, ஆனால் இன்னும் முழுக்கக் காயாத கிளையில் விரல் தடிமனுள்ள ஒரு துண்டை வெட்டி, பட்டையை மெல்லச் சீவுங்கள். நல்ல எல்மில் பட்டைக்கு அடியில் மரம் வெளிர் மஞ்சளாக, சுத்தமாக இருக்கும். டச்சு எல்ம் நோய் என்றால் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் தெரியும், யாரோ பென்சிலால் கிழித்ததுபோல. குறுக்கே வெட்டினால் அதே கோடுகள் வளையத்தில் புள்ளிகளாக நிற்கும். முழுக்கச் செத்துக் காய்ந்த கிளையில் இந்தச் சோதனை செய்து பயனில்லை. அதில் எல்லாமே பழுப்பாகத்தான் இருக்கும்.

கோடு தெரிந்தாலும் உடனே தலையில் கை வைக்க வேண்டாம். வெர்ட்டிசிலியம் என்ற மண் பூஞ்சையும் இதேபோல் கோடு போடும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் இருந்தால் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் தாவர மருத்துவ மையத்துக்கு மாதிரி அனுப்பலாம். விரல் தடிமனில், ஒரு சாண் நீளத்தில், கோடு தெரிகிற நாலைந்து துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாமல் அனுப்புங்கள். வாரக் கடைசியில் தபாலில் போட்டுத் திங்கள்வரை வேகவிடாதீர்கள்.

முடிவு டச்சு எல்ம் என்றே வந்துவிட்டால்? அக்கொலேட்டில் பெரும்பாலும் கிளையோடு நிற்கும். கோடு முடிகிற இடத்தைத் தாண்டி நன்றாக உள்ளே தள்ளி, சுத்தமான மரம் தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டியதை விறகென்று கொல்லைப்புறம் அடுக்கி வைக்கவே கூடாது. அடுத்த தலைமுறை வண்டுக்கு அது பிரசவ வார்டு. எரித்துவிடுங்கள், அல்லது துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டுச் சில்லாக்கிவிடுங்கள். பக்கத்தில் பழைய அமெரிக்க எல்ம் நின்றால் அதை உடனே மர வைத்தியரிடம் காட்டுங்கள். அருகருகே நிற்கும் எல்ம்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிக்கொள்ளும், வண்டே இல்லாமல் நோய் அந்த வழியாகவும் போகும். பூஞ்சைக்கொல்லியை அடிமரத்தில் ஊசி போட்டு ஏற்றும் வைத்தியம் பெரும்பாலும் அந்தப் பழைய மரங்களுக்காக. நம் மரத்துக்கு யாராவது வருடாவருடம் போடலாம் என்று விலை சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

மரம் முழுக்க ஒரே நேரத்தில் மஞ்சள்

அக்டோபரில் என்றால் கேள்வியே வேண்டாம், அது இலையுதிர்கால நிறம். ரசித்துவிட்டுப் போங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் என்றால் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை. இந்தப் பக்கத்துக் களிமண்ணில் சுண்ணாம்புத்தன்மை அதிகம். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அக்கொலேட் இதைப் பொதுவாகத் தாங்கும். தாங்கவில்லையென்றால் வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் சல்லி வேருக்கடியில் கிடக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். மண் பரிசோதனை செய்யாமல் இரும்பு உரம் வாங்கிக் கொட்டாதீர்கள்.

உள்பக்க இலைகள் மட்டும் மஞ்சளாகிக் கொட்டினால் வறட்சி. மரம் செலவைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நரம்போடு சேர்ந்து எல்லா இலையும் ஒரே சமயத்தில் மஞ்சளாகி, காம்பு கீழே தொங்கினால் எல்ம் மஞ்சள் நோயை நினைக்க வேண்டும். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, தத்துப்பூச்சி பரப்புவது. இதற்கு ஒரு விசித்திரமான சோதனை இருக்கிறது. அடிமரத்தின் உள்பட்டையில் ஒரு சிறு துண்டை எடுத்து மூடிய டப்பாவில் சிறிது நேரம் வைத்துவிட்டு முகர்ந்து பாருங்கள். மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை வந்தால் இந்த நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டே உள்பட்டையிலும் உண்டாகிறது. அமெரிக்க எல்ம்களில்தான் இந்த வாசனை தெரியும், சிவப்பு எல்மில் வராது. பாட்டி வீட்டு வாசனை அமெரிக்க மரத்தில் வருமா என்று எனக்கும் முதலில் நம்பிக்கை இல்லை. அக்கொலேட்டுக்கு இந்த நோயையும் எதிர்க்கும் திறன் உண்டு, அதனால் இதைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டு மூன்று வருடமாகியும் வளரவில்லை, உச்சி காய்கிறது

எனக்கு வரும் போன்களில் அதிகம் இதுதான். பதிலும் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: ஆழமாக நட்டிருக்கிறீர்கள்.

மரத்தின் அடியை இப்போதே போய்ப் பாருங்கள். நல்ல மரம் தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால்போல் விரிந்து வேராக இறங்கும். உங்கள் மரம் மின்கம்பம்போல் நேராக மண்ணுக்குள் போகிறதா? அப்படியென்றால் வேர் விரியும் இடம் புதைந்து கிடக்கிறது. நர்சரியிலேயே மண்ணுருண்டையின் மேல் மண் ஏறியிருக்கும். நாம் அதை அப்படியே குழியில் இறக்கி, மேலே இன்னும் நாலு அங்குலம் போட்டு, அதற்குமேல் மரத்தூள் மூடாக்கை எரிமலைபோல் குவித்து வைத்திருப்போம். அண்டை வீட்டார் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் அதுதான் சரி என்று நினைத்துக்கொள்கிறோம். புதைந்த வேர்கள் காற்றைத் தேடி மேலே ஏறி, அடிமரத்தைச் சுற்றி வளையமாக ஓடும். நாளாக நாளாக அதுவே மரத்தைத் தூக்குப்போடும்.

செய்ய வேண்டியது: மூடாக்கை முழுக்க விலக்குங்கள். கைக்கரண்டியால், பொறுமையாக, முதல் பெரிய வேர் பிரிகிற இடம் தெரியும்வரை மண்ணை எடுங்கள். குச்சி மாதிரி மெல்லிய வேர்கள் அடிமரத்தை அணைத்து ஓடினால் கத்தரியால் வெட்டிவிடலாம். கட்டைவிரலைவிடத் தடித்தது அழுத்திக்கொண்டிருந்தால் மர வைத்தியரைக் கூப்பிடுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டினால் மரம் தாங்காது. மரம் நட்டு ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது, ஒரு சாணுக்குமேல் புதைந்திருக்கிறது என்றால், தயங்காமல் தோண்டி எடுத்து மறுபடி நடுங்கள். நான் ஒரு நண்பர் வீட்டில் அப்படித்தான் செய்தேன். அடியில் சணல் துணியும் கம்பிக் கூடையும் பிரிக்காமலே கிடந்தன. நட்டவர்கள் துணி தானாக மக்கிவிடும் என்று சொன்னார்களாம். கம்பியுமா மக்கும்?

பிறகு மூடாக்கை மூன்று அங்குல உயரத்தில், அகலமாக, அடிமரத்தைத் தொடாமல் போடுங்கள். உளுந்து வடை நினைவில் இருக்கட்டும், நடுவில் ஓட்டை வேண்டும்.

தண்ணீர் விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது மரத்துக்கு அடிமர விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தடவைக்கு 10 கேலன் என்பது கைக்கணக்கு. இரண்டு அங்குல மரத்துக்கு 20 கேலன், மழையில்லாத வாரத்துக்கு ஒருமுறை, மெதுவாக இறங்கும்படி. புல்வெளிக்குத் தெளிக்கும் பத்து நிமிடத் தண்ணீர் புல்லைத் தாண்டிப் போகாது. எத்தனை வருடம் இப்படி ஊற்ற வேண்டும்? விட்டம் எத்தனை அங்குலமோ குறைந்தது அத்தனை வருடம்.

இலையில் ஓட்டை, வலை, கோலம்

ஓட்டையின் வடிவத்தைப் பார்த்தாலே யார் வேலை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வசந்தத்திலேயே சிறுசிறு குண்டூசி ஓட்டைகள், கூடவே இலை நுனியில் காகிதம்போல் காய்ந்த திட்டு: எல்ம் கூன்வண்டு. எள்ளளவு உடம்பு, தொட்டால் தத்துப்பூச்சிபோல் துள்ளும். தாய் ஓட்டை போடும், புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே குடைந்து நுனியைக் காயவைக்கும். ஆசியாவிலிருந்து வந்து மத்திய மேற்கு மாநிலங்களில் பரவிய பூச்சி இது. சைபீரிய எல்ம் கலந்த மரங்களை விரும்பும். மரம் பார்க்க அசிங்கமாக இருக்கும், சாகாது.

நரம்பு மட்டும் மிச்சமிருந்து, இலை லேஸ் துணிபோல் ஆகியிருந்தால், அதுவும் ஜூன் கடைசிக்குப் பிறகு உச்சியிலிருந்து தொடங்கினால், ஜப்பானிய வண்டு. பச்சையும் செம்பும் மின்னும் உடம்பு, இரண்டு பக்கமும் வெள்ளை முடிக்கொத்து. 1916ல் நியூஜெர்சியில் முதலில் கண்டார்கள், இன்று இங்கே எல்லாத் தோட்டத்துக்கும் விருந்தாளி. சின்ன மரமென்றால் விடியற்காலையில் சோப்புத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள், தூக்கக் கலக்கத்தில் பொத்பொத்தென்று விழும். கடையில் விற்கும் மணப்பொறி வாங்கவே வாங்காதீர்கள். பிடிபடும் வண்டைவிட அழைத்துவரும் வண்டு அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி மாட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இலையின் ஓரத்திலிருந்து உள்ளே வளைந்து வளைந்து பாம்புபோல் ஒரு வெட்டு ஓடினால், அது கிழக்காசியாவிலிருந்து வந்த எல்ம் ரம்பப்பூச்சியின் புழு. வட அமெரிக்காவில் முதலில் 2020ல் கியூபெக்கிலும் 2021ல் வர்ஜீனியாவிலும் கண்டார்கள். பார்த்தால் படமெடுத்து மாநில வேளாண் துறைக்கு அனுப்புங்கள். மரத்துக்காக இல்லாவிட்டாலும் அவர்கள் வரைபடத்துக்காக.

தார் தெறித்ததுபோல் கரும்புள்ளி, ஈரமான வசந்தத்துக்குப் பிறகு: எல்ம் கரும்புள்ளிப் பூஞ்சை. இலையுதிர்காலத்தில் விழுந்த இலையைக் கூட்டி அப்புறப்படுத்தினால் அடுத்த வருடம் குறையும்.

இவற்றில் எதற்கும் வேரில் ஊற்றும் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லியை வாங்கி வைக்க ஆசை வரும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வேறொரு வண்டைத் தடுக்க எல்ம்களுக்கு அதைக் கொடுத்தார்கள். அப்புறம் அந்த மரங்களில் சிலந்திப்பேன் பெருகி இலையெல்லாம் பழுப்பானது. அழகு கெட்டதற்கு மருந்து ஊற்றி, ஆரோக்கியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இலை ஓரம் கருகுகிறது

தெருப்பக்கத்துக் கிளைகளில் மட்டும் என்றால் பனிக்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு. மார்ட்டன் ஆர்போரேட்டத்தை 1922ல் நிறுவிய ஜாய் மார்ட்டன் உப்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர். அவர் தோட்டத்தில் பிறந்த மரத்துக்கு உப்பே எதிரியாக இருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பனி இளகிய கையோடு வேர்ப்பகுதியில் இரண்டு மூன்று தடவை நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். நடைபாதையை வழித்த பனியை மரத்தடியில் குவிக்காதீர்கள்.

எல்லாப் பக்கமும் கருகினால் தண்ணீர் போதவில்லை. ஆகஸ்டில் கருகலுக்கும் பச்சைக்கும் நடுவே மஞ்சள் கோடு ஓடி, வருடாவருடம் அதே கிளையில் தொடங்கிப் பரவினால் பாக்டீரியா இலைக்கருகல் இருக்கலாம், அதற்கு ஆய்வகம்தான்.

அடிமரத்தில் கறுப்பாக ஈரம் வழிகிறது

எல்ம்களில் சாதாரணம். மரத்துக்குள் பாக்டீரியா புளித்து, வாயு அழுத்தத்தில் பழைய வெட்டுக்காயம் வழியாக வடிகிறது. நாறும், ஈ மொய்க்கும். ஒன்றும் செய்ய வேண்டாம். ஓட்டை போட்டுக் குழாய் சொருகும் பழைய வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது உள்ளே புதுக் காயம்.

கார்மேல் பிசுபிசுப்பு, கிளையில் கரி

அசுவினியோ செதில் பூச்சியோ சாறு குடித்துத் தேன்போல் கழிக்கிறது, அதில் கரும்பூசணம் வளர்கிறது. கிளையின் அடிப்பக்கம் வெள்ளை விளிம்போடு கருஞ்சிவப்பு முட்டை வடிவம் ஒட்டியிருந்தால் எல்ம் செதில் பூச்சி. சிறு மரத்தில் பலமான தண்ணீர்ப் பீச்சலும், இலையுதிர்ந்தபின் தோட்டக்கலை எண்ணெயும் போதும். காரை வேறு இடத்தில் நிறுத்துங்கள்.

காற்றில் கிளை பிளந்தது

அக்கொலேட்டின் உண்மையான பலவீனம் இதுதான் என்பேன். நோயைத் தாங்கும், குளிரைத் தாங்கும், ஆனால் தன் கிளைகளைத் தானே ஒழுங்காக அடுக்காது. இளமையில் ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு கிளைகள் ஈட்டிபோல் மேலே பாயும். கவட்டை நெருக்கமாக இருந்தால் இரண்டு பட்டையும் நடுவில் நசுங்கி, மரத்தோடு மரம் சேராது. பதினைந்து வருடம் கழித்து ஒரு புயல் ராத்திரி சரியாக அந்த இடத்தில் பிளக்கும். அறுபது அடிக்குமேல் வளரும் மரம், அடியில் உங்கள் கார்.

நட்ட இரண்டாம் மூன்றாம் வருடத்திலேயே கவாத்தைத் தொடங்குங்கள். ஒரு கிளையைத் தலைவனாகத் தேர்ந்தெடுங்கள். போட்டியிடும் மற்றவற்றை அடியோடு வெட்டாமல், பக்கக்கிளை ஒன்றின்மேல் குட்டையாக்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பத்துப் பதினைந்து வருடம்வரை. ஒரே தடவையில் கால்வாசிக்குமேல் எடுக்காதீர்கள். இதைச் செய்தால் தொழிலாளிக்குக் கொடுக்கும் பணம் வீணாகத் தோன்றும், மரம் ஒன்றும் மாறியதுபோல் தெரியாது. செய்யாமல் விட்ட மரத்தைப் பிற்பாடு பார்த்தால்தான் விலை தெரியும்.

காலம் முக்கியம். இலையில்லாத குளிர்காலத்தில் வெட்டுங்கள். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட்வரை புதுக் காயத்தின் வாசனைக்குப் பட்டை வண்டு தேடி வரும். எதிர்ப்புள்ள மரமென்றாலும் அழைப்பிதழ் ஏன் அனுப்ப வேண்டும்? கோடையில் புயலில் முறிந்தால் மட்டும் உடனே சீர்செய்யுங்கள். ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் நிற்கும் மரம் பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தம். கத்தரி எடுக்கும்முன் ஒரு போன் போடுங்கள், அவர்களே வந்து செய்துவிடவும் கூடும்.

அடியிலிருந்து வேறு மாதிரி இலையோடு துளிர்

ஒட்டுக்கன்றாக இருந்தால் கீழ்ப்பாதி சைபீரிய எல்மாக இருக்கலாம். அது துளிர்க்கிறது. அக்கொலேட் இலை பளபளப்பாக, கரும்பச்சையாக இருக்கும். கீழே வருவது சின்ன, வெளிறிய இலை. வருடத்துக்கு இரண்டு தடவை ஒட்டு இருக்கும் இடத்துக்குக் கீழே கிள்ளிவிடுங்கள். சொந்த வேரில் வளர்ந்த கன்று கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தரையெல்லாம் பச்சைக் குச்சிகள்

குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் ஒரு காலை எழுந்து பார்த்தால் மரத்தடியில் விரல் நீளக் குச்சிகள் மொட்டோடு சிதறிக் கிடக்கும். நோய் என்று நினைத்து வெட்டு முனையைப் பாருங்கள். கத்தியால் சாய்த்து வெட்டியதுபோல் சரிவாக, பல் தடத்தோடு இருந்தால் அணில். எல்மின் பூமொட்டும் பிஞ்சும் அதற்குப் பிடிக்கும், நுனிக்கிளையைத் துண்டித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைக் கீழே போடும். நம்மூர் ஆயா மரமும் இதே குடும்பம்தான், அதே மாதிரி வட்டச் சிறகு வைத்த காய். அங்கே அணில் என்ன செய்யும் என்று ஊரில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன். "அது அதுபாட்டுக்குத் தின்னும், நீ உன் வேலையைப் பாரு" என்றாள். இந்த ஒரு அறிகுறிக்கு நானும் அதையே சொல்கிறேன். கூட்டித் தள்ளினால் போதும்.